‘உன் பின்னால் ஏங்குகிறேன்’: ரஷ்ய வட்டாரக் கதைகளில் உணர்ச்சி வினைகள் யாரோடு சேருகின்றன?

அங்காராக்கரை எழுதியது, திங்கள் இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன ரஷ்யக் கதையை மொழிபெயர்க்க எடுத்தேன். ஒரே வரியில் மூணு நாளா மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

கதை தெற்கு ரஷ்யாவின் குபான் பகுதியில் நடக்கிறது, கிராஸ்னதார் பக்கத்துக் கிராமம். மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய்விட்ட மகனிடம் அம்மா போனில் சொல்கிறாள்: «ஸ்குச்சாயு ஸா தபோய்». ‘ஸ்குச்சாத்’ என்ற வினையோடு ‘பா’ என்ற முன்னிடைச்சொல்தான் (பிரபோசிஷன்) வரும் என்று வகுப்பில் படித்தேன். இங்கே ‘ஸா’ வந்திருக்கிறது. ‘ஸா’வுக்கு எனக்குத் தெரிந்த பொருள் ‘பின்னால்’. உன் பின்னால் ஏங்குகிறேன்? உன் பின்னால் சலிக்கிறேன்? முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். அடுத்த பக்கத்திலும் அதே ‘ஸா’.

இப்போதைக்கு “உன்னை மிஸ் பண்றேன்” என்று போட்டிருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்கே எரிச்சலாக வருகிறது. குபான் கிராமத்துக் கிழவி அப்படிப் பேசுவாளா?

ஸ்டெப்பி டாக்டர் எழுதியது, திங்கள் இரவு 11:15

அச்சுப்பிழை இல்ல நண்பா. நான் ரஸ்தோவில் ஆறு வருஷம் மருத்துவம் படிச்சேன். முதல் வருஷ லீவுக்கு ஊருக்கு வந்துட்டுத் திரும்பினப்ப, வீட்டுக்காரப் பாட்டி கதவைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்: «ஸ்குச்சாலா ஸா தபோய்». நான் வகுப்புல படிச்ச பையன் இல்லையா, வாசல்லயே பெட்டியோட நின்னுக்கிட்டு “பாட்டி, ‘பா’ன்னுதான் வரணும்”னு திருத்தினேன். அவங்க என் தலையில ஒரு தட்டு தட்டிட்டு சூப் ஊத்தப் போயிட்டாங்க.

தோன், குபான், அப்படியே உக்ரைன், ஒதேஸா வரைக்கும் இப்படித்தான் பேசுவாங்க. உக்ரைனிய மொழியில ‘ஸா’தான் முறையான வழக்கே. மாஸ்கோக்காரங்க காதுக்கு இது பட்டிக்காட்டுத்தனம். தெற்கத்திக்காரங்களுக்கு ‘பா’ போட்டுச் சொன்னா ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

இலக்கணப்பூனை எழுதியது, செவ்வாய் காலை 6:30

டாக்டர் சொன்னது சரி. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் சிக்கல் இந்த ஒரு வரியோடு நிற்காது.

ரஷ்யனில் உணர்ச்சி வினையைத் தனியாகப் பிடித்து அகராதியில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பொருள் அது யாரைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதில் இருக்கிறது. இதே ‘ஸ்குச்சாத்’ தனியாக நின்றால் ‘போர் அடிக்குது’ என்று பொருள். ‘பா’வோடு வந்தால் ஏக்கம். அந்த ‘பா’விலும் தகராறு உண்டு: “உங்களை நினைத்து” என்பதற்குப் பழைய நெறி ‘பா வாஸ்’, இன்று பெரும்பாலோர் சொல்வது ‘பா வாம்’. வேற்றுமை மாறிவிட்டது. பழையதைச் சொல்பவருக்கு வயது தெரிந்துவிடும்.

‘ஸா’வுக்கு வருகிறேன். கருவி வேற்றுமையோடு வரும்போது அதற்கு ‘பின்னால்’ என்ற பொருள் மட்டும் இல்லை. ‘ஸா ஹ்லேபம்’ போகிறேன் என்றால் ரொட்டியின் பின்னால் போகிறேன் என்றா அர்த்தம்? ரொட்டி வாங்கிவரப் போகிறேன் என்று. ஒன்றை நாடிப் போய்க் கொண்டுவருவது. அம்மாவின் ஏக்கத்தில் அந்த நாட்டமும் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. இது என் வாசிப்பு, இலக்கண விதி அல்ல.

மற்ற வினைகளையும் பாருங்கள். பொறாமை நான்காம் வேற்றுமை கேட்கும்: ‘அவனுக்குப் பொறாமைப்படு’. பெருமை கருவி வேற்றுமை: ‘மகனால் பெருமைப்படு’. கோபம் ‘நா’ என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை, அப்படியே நம் ‘அவன் மேல் கோபம்’. காதலில் விழுவது ‘வ்’, அதாவது அவளுக்கு ‘உள்ளே’. ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு திசை இருக்கிறது. வட்டாரக் கதையில் அந்தத் திசை கொஞ்சம் திரும்பும்.

அங்காராக்கரை எழுதியது, செவ்வாய் காலை 9:05

பூனையாரே, நன்றி. இதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. ரஷ்யனில் ‘ம்னே ஸ்த்ராஷ்ன’ என்பது சொல்லுக்குச் சொல் ‘எனக்குப் பயமா இருக்கு’. எழுவாயே கிடையாது, ஆள் நான்காம் வேற்றுமையில் உட்கார்ந்திருக்கிறான். ‘ம்னே ந்ராவித்ஸா’ என்றால் ‘எனக்குப் பிடிக்கும்’. நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற மொழியை ஏன் இங்கிலீஷ் வழியாகச் சுற்றிவந்து “நான் பயத்தை உணர்ந்தேன்” என்று எழுதுகிறோம்?

இலக்கணப்பூனை எழுதியது, செவ்வாய் காலை 9:40

பயம் என்றதும் விடமுடியவில்லை. ரஷ்யனில் ‘பயப்படுகிறேன்’ என்பதற்கு ‘பயூஸ்’. நம் வாயில் இருக்கும் ‘பயம்’ வடமொழியிலிருந்து வந்தது. அந்த வடமொழி வேரும் ஸ்லாவிய வேரும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் பிள்ளைகள். தற்செயல் ஒற்றுமை இல்லை.

இன்னும் ருசியான சங்கதி வேற்றுமையில் இருக்கிறது. வடமொழியில் பயத்துக்குக் காரணமானது ஐந்தாம் வேற்றுமையில் வரும், பாணினியே விதி எழுதிவைத்திருக்கிறார். ரஷ்யனில் பயம் ஆறாம் வேற்றுமை கேட்கிறது: ‘பயூஸ் வோல்கா’, ஓநாய்க்குப் பயம். ஆனால் ஸ்லாவிய மொழிகளில் இந்த வகைப் பெயர்ச்சொற்களின் ஆறாம் வேற்றுமை வடிவமே பழைய ஐந்தாம் வேற்றுமையிலிருந்து வந்ததுதான். சரி, பேச்சு ரஷ்யனில் என்ன நடக்கிறது? ஆளைக் கண்டு பயம் என்றால் இரண்டாம் வேற்றுமை நுழைந்துவிடுகிறது: ‘பயூஸ் மாமு’, அம்மாவை. நம் தொல்காப்பியம் அச்சச் சொல்லுக்கு ஐந்தும் இரண்டும் வரும், பொருள் மாறாது என்கிறது. உரைகாரர்கள் காட்டுவது பழியின் அஞ்சும், பழியை அஞ்சும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மொழி, அதே இரண்டு வேற்றுமை! இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கரிசல்மண் எழுதியது, செவ்வாய் மதியம் 1:20

அண்ணே, எனக்கு ரஷ்யன் ஒரு எழுத்து தெரியாது. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத் தமிழ்ப் புஸ்தகங்கள் படிச்சு வளர்ந்த ஆளு, அவ்வளவுதான். ஆனா அந்தக் கிழவி வார்த்தைக்கு எங்கூர்ல சொல் இருக்கு.

எங்க அம்மா போன்ல “மிஸ் பண்றேன்”னும் சொல்ல மாட்டா, “ஏங்குறேன்”னும் சொல்ல மாட்டா. “ஒன்னயத் தேடுதுடா”ம்பா. யாரு தேடுறா? ஆளே கிடையாது. “எனக்கு ஒன்னயத் தேடுது.” சின்னப்பிள்ளை அழுதா “அதுக்கு அப்பனைத் தேடுது”ம்போம். பூனை அண்ணன் சொன்ன ரொட்டிக் கதையும் இதுக்குள்ள வந்துருதுல்ல? நாடிப் போறது, கொண்டாறது.

அங்காராக்கரை எழுதியது, செவ்வாய் மதியம் 1:31

கரிசல் அண்ணே, மூணு நாளைக்கு முன்னாடியே நீங்க வந்திருக்கக் கூடாதா! ‘தேடுதுடா’. எழுவாய் இல்லை, நான்காம் வேற்றுமை ஆள், இரண்டாம் வேற்றுமை மகன். எடுத்துக்கொள்கிறேன்.

ஒற்றைத்தடம் எழுதியது, செவ்வாய் மாலை 5:50

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் ஒரு முன்னிடைச்சொல்லுக்கு அளவுக்கு மீறிய மாலை போடுகிறீர்கள். குபான் வாசகருக்கு அது தினப்பேச்சு. அவர் அதில் ரொட்டியும் பார்ப்பதில்லை, பின்னாலும் பார்ப்பதில்லை. வெளியில் இருந்து படிக்கிற நமக்குத்தான் அது கவிதையாகத் தெரிகிறது. மொழிபெயர்ப்பில் ‘தேடுது’ போட்டால் குபான் போய் கோவில்பட்டி வந்துவிடும். எளிய தமிழில் எழுதி, தெற்கு வழக்கு என்று ஓர் அடிக்குறிப்பு போட்டால் போதாதா?

இலக்கணப்பூனை எழுதியது, செவ்வாய் இரவு 8:10

முதல் பாதி நியாயம். ரொட்டிக் கற்பனை என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில் சண்டைக்கு வருகிறேன்.

1934இல் கோர்க்கி, பன்ஃபியோரவ் என்ற எழுத்தாளரின் நாவலை எடுத்துக்கொண்டு, வட்டாரச் சொற்களை அள்ளிக் கொட்டுவது இலக்கியமாகாது என்று அடித்தார். செரஃபிமோவிச் என்ற மூத்த எழுத்தாளர் பன்ஃபியோரவுக்காகப் பேசினார். அது பெரிய விவாதமாக ஓடியது. அதற்குப் பிறகு சோவியத் எழுத்தில் வட்டார வழக்குக்கு எப்போதும் ஒரு கண்காணிப்பு இருந்தது. ஒரு பெயர்ச்சொல் புரியவில்லை என்றால் பதிப்பாசிரியர் நீக்கலாம், அடிக்குறிப்பு போடலாம். வேற்றுமையை என்ன செய்வது? ‘ஸா’வுக்கு அடிக்குறிப்பு போட்டால் கிழவி பேசுவது நின்று பேராசிரியர் பேச ஆரம்பித்துவிடுவார். ஊர்ப் பாத்திரம், வண்டி, சட்டைப் பெயர்களைத் தூவி எழுதுவதைப் பார்த்து எழுதிவிடலாம். வினை யாரோடு சேர்கிறது என்பது அந்த ஊரில் வளர்ந்தவனுக்குத்தான் தானாக வரும். வட்டாரம் குடியிருக்கும் இடம் அதுதான் என்பேன்.

உதாரணத்துக்கு ‘ஜலேத்’ என்ற வினை. ‘ஓ’ என்ற சொல்லோடு வந்தால் நடந்ததை நினைத்து வருந்துவது. ஆறாம் வேற்றுமையோடு, குறிப்பாக எதிர்மறையில் வந்தால், காசு பார்க்காமல், உழைப்புக்கு அஞ்சாமல் செய்வது. இரண்டாம் வேற்றுமையில் ஓர் ஆளோடு வந்தால் இரங்குவது. இது ஏட்டு ரஷ்யன். கிராமத்துப் பேச்சில் அதே இரண்டாம் வேற்றுமையில் ஒரு பெண் “அவர் என்னை ஜலேயெத்” என்றால், அவர் என் மேல் பரிதாபப்படுகிறார் என்று அர்த்தம் இல்லை. அவருக்கு என் மேல் அன்பு என்று அர்த்தம். ‘லுபீத்’ (நேசி) என்ற நேர் சொல்லைச் சொல்லக் கூச்சப்படும் வாய்கள் இதைச் சொல்லும். இதை “அவர் எனக்காக இரங்குகிறார்” என்று மொழிபெயர்த்தால் ஒரு தாம்பத்தியமே கெட்டுப்போகும்.

யாழ்க்கரை எழுதியது, செவ்வாய் இரவு 9:02

பூனை அண்ணை, அந்த ‘ஜலேத்’ எங்கட பழைய தமிழில இருக்குதல்லோ. ‘அளி’. அன்பும் அளிதான், இரக்கமும் அளிதான். சங்கப் பாட்டில தலைவன் தலைவிக்கு அளிக்கிறான் எண்டால் அன்பு செய்யிறான். ‘அளியள்’ எண்டால் ஐயோ பாவம் எண்டு அர்த்தம். ஒரே வேரில ரெண்டும் நிக்குது.

ஆனால் இண்டைக்கு ஆர் வீட்டில ‘அளி’ எண்டு கதைக்கினம்? கதையில போட ஏலாது. நான் ஒருக்கா எழுதேக்க “அவர் என்னைப் பாவம் பாத்து வச்சிருக்கிறார்” எண்டு போட்டுப் பாத்தன். புருஷன் தர்மம் செய்யிற மாதிரி வந்திட்டுது. அழிச்சுப் போட்டன்.

கரிசல்மண் எழுதியது, செவ்வாய் இரவு 9:20

“எம் மேல கரிசனமா இருப்பாரு”? இதுல பாவமும் கொஞ்சம் இருக்கு, பிரியமும் இருக்கு.

யாழ்க்கரை எழுதியது, செவ்வாய் இரவு 9:26

கிட்ட வருகுது. ஆனால் ‘ஜலேயெத்’ ஒரு வினை, உங்கட ‘கரிசனமா’ அவரிட குணம். வினை செத்துப் போச்சு.

இலக்கணப்பூனை எழுதியது, செவ்வாய் இரவு 9:45

யாழ்க்கரை பிடித்த இடம் நல்ல இடம். ரஷ்யனில் உணர்ச்சியைச் செயலாகச் சொல்வது மிகுதி, ஏதோ வேலை செய்வதுபோல. வியெர்ஸ்பிட்ஸ்கா என்ற மொழியியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

இன்னொரு சின்ன விஷயம். ரஷ்யனில் அடிப்படை வினை ‘ராதவத்’, மகிழ்விப்பது. அதோடு தன்னைக் குறிக்கும் ‘ஸ்யா’ ஒட்டினால் ‘ராதவத்ஸா’, மகிழ்வது. கோபப்படுத்து, கோபப்படு, பயமுறுத்து, பயந்துபோ. எல்லாம் இப்படியே. நமக்கு நேர் தலைகீழ்: மகிழ் முதலில், மகிழ்வி பிறகு. அவர்களுக்கு வெளியிலிருந்து செய்வது முதலில், உள்ளே நடப்பது அதிலிருந்து பிறக்கிறது. ‘பயாத்ஸா’ (பயப்படு) போன்ற சில வினைகள் விதிவிலக்கு, ‘ஸ்யா’ இல்லாத வடிவமே அவற்றுக்குக் கிடையாது.

முன்னொட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ‘ரஸ்லுபீத்’ ஒன்று போதும். அன்பு செலுத்துவதை நிறுத்திவிடுவது, ஒரே சொல்லில்!

ஒற்றைத்தடம் எழுதியது, புதன் காலை 7:15

சரி, நானும் விளையாட்டுக்கு வருகிறேன், எதிர்ப்பக்கத்திலிருந்து. கிராமத்து உரைநடையின் பெரிய இடங்களில் உணர்ச்சி வினையே இருக்காது.

வலெந்தீன் ரஸ்பூத்தினை எடுங்கள் (ஜார் அரண்மனைச் சாமியார் இல்லை, இவர் இர்குத்ஸ்க் பகுதியில் 1937இல் பிறந்த எழுத்தாளர்). பிராத்ஸ்க் அணைக்காக இவருடைய சொந்த ஊரான அதலான்காவையே இடம் மாற்ற வேண்டி வந்தது. 1976இல் வந்த இவருடைய மத்யோரா நாவலில், அங்காரா ஆற்றுத் தீவு ஒன்று மூழ்கப்போகிறது. வீடுகளைக் கொளுத்தப்போகிறார்கள். தார்யா கிழவி என்ன செய்கிறாள்? மறுநாள் எரியப்போகும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள். தரையைத் தேய்த்துக் கழுவுகிறாள். மரக்கிளை ஒடித்துவந்து உள்ளே அலங்கரிக்கிறாள். பிணத்தைக் குளிப்பாட்டுவது மாதிரி. துக்கப்பட்டாள், ஏங்கினாள் என்று அங்கே ஒரு வினையைப் போட்டால் காட்சி செத்துவிடும். நீங்கள் வேற்றுமை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், அவரோ உணர்ச்சியைச் சுண்ணாம்பு மட்டைக்குள் வைத்திருக்கிறார்.

ஸ்டெப்பி டாக்டர் எழுதியது, புதன் காலை 8:00

இந்தக் காட்சியை நான் பஸ்ஸில படிச்சேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன். ஒற்றைத்தடம் சொன்னதுல மறுக்க ஒண்ணுமில்ல.

ஆனா அதே ரஸ்பூத்தினோட இன்னொரு குறுநாவல்ல (1970னு நினைவு வச்சிருக்கேன்) சாகக் கிடக்கிற அன்னா கிழவி, தன் சாவுக்கு எப்படி ஒப்பாரி வைக்கணும்னு மகள் வர்வாராவுக்குச் சொல்லிக் கொடுக்கிறா. அங்க அழுகைக்குச் சொல் வேணும், மெட்டு வேணும், முறை வேணும். அதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம்தான் வந்தது.

இலக்கணப்பூனை எழுதியது, புதன் காலை 8:35

அழுகைக்கும் கூட்டாளி உண்டு. ‘ப்ளாகத்’ சும்மா அழுவது, ‘பா’வோடு வந்தால் போனவரை நினைத்து அழுவது. ‘ஓ’ என்று முன்னொட்டு சேர்த்து ‘ஒப்ளாகிவத்’ மாதிரி ஆக்கினால் இரண்டாம் வேற்றுமை எடுத்துக்கொள்ளும், இறந்தவரையே அழுவது. நாமும் ‘பிணத்தை அழு’ என்று சொல்கிற வழக்கம் உண்டு.

ஒற்றைத்தடம் சொல்வது உண்மை. ஆனால் சுண்ணாம்புக்குப் பக்கத்தில் சுக்‌ஷினையும் வையுங்கள். அல்தாய் மலையடிவாரத்து ஸ்ரோஸ்த்கி கிராமத்து எழுத்தாளர், 1929இல் பிறந்து 1974இல் போய்விட்டார். ‘நம்புகிறேன்!’ என்ற கதையில் மக்ஸீமுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் ‘தஸ்கா’ வரும். இந்தச் சொல்லுக்கு ஏக்கம், வெறுமை, மனப்பாரம் எல்லாம் பாதிப்பாதி பொருந்தும். ‘வரும்’ என்று நான் சொன்னதே தப்பு. சுக்‌ஷின் போடும் வினை ‘நவாலிவத்ஸா’: மூட்டை சரிந்து மேலே விழுவதுபோல மொத்த எடையோடு வந்து அழுத்துவது. அதோடு விடாமல், சுத்தமில்லாத, வாய்நாற்றம் அடிக்கிற ஒரு பொம்பளை தன்னைத் தடவி முத்தமிட நெருங்குவதுபோல அவனுக்கு உடம்பில் தெரிகிறது என்கிறார். இங்கே ஆள் எழுவாய் இல்லை. தஸ்காதான் எழுவாய், ஆள் வெறும் செயப்படுபொருள்.

பேச்சு ரஷ்யனில் தஸ்கா பிடிக்கும், கடிக்கும், உறிஞ்சும், தின்றுதீர்க்கும். எந்த வினையைத் தேர்கிறார் என்பதில்தான் எழுத்தாளர் தெரிகிறார்.

கரிசல்மண் எழுதியது, புதன் காலை 9:10

நமக்கென்ன பஞ்சம்? கவலை அரிக்கும், துக்கம் தொண்டைய அடைக்கும், பயம் கவ்வும், கோவம் பொத்துக்கிட்டு வரும். இத்தனையும் வச்சுக்கிட்டு நம்ம மொழிபெயர்ப்பாளங்க “அவன் ஆழ்ந்த சோகத்தை உணர்ந்தான்”னு எழுதுறாங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு அந்த மக்ஸீம் மாதிரி ஆயிருது.

அங்காராக்கரை எழுதியது, புதன் மாலை 6:45

ஹஹா. உணர்ந்தானை என் பிரதியில் தேடிப் பார்த்தேன். பதினேழு இடம். வெட்கமாக இருக்கிறது, இன்றைக்கே களை எடுக்கிறேன்.

இதோடு என் இன்னொரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் உரால் சுரங்கக் கதை ஒன்றைப் படித்தபோது “அவர்கள் இருட்டும்வரை கூச்சப்பட்டார்கள்” என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ‘ரபேத்’ என்றால் மிரள்வது, கூச்சப்படுவது. அங்கே இருந்தது ‘ரோபித்’. ரஷ்ய எழுத்தில் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். உராலிலும் சைபீரியாவிலும் அதற்கு அர்த்தம் ‘வேலை செய்வது’. சுரங்கத் தொழிலாளிகளை நாள் முழுக்க வெட்கப்பட வைத்துவிட்டேன். உணர்ச்சி வினைகளைத் தேடிப் போனால் எல்லாமே உணர்ச்சியாகத் தெரிகிறது.

இலக்கணப்பூனை எழுதியது, புதன் மாலை 7:05

அருமை! வட்டாரச் சொல்லுக்கு தால் என்பவரின் ரஷ்ய அகராதியை (1863–66) முதலில் பாருங்கள். அதில் சிக்காவிட்டால் 1965 முதல் தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருக்கும் ரஷ்ய மக்கள் வழக்குகள் அகராதி. எந்த வினை எதோடு சேர்கிறது என்று பார்க்க, ரஷ்யப் பனுவல்களின் பெருந்தொகுப்பான ரஷ்யத் தேசியத் தரவகம் இணையத்தில் இலவசம், வட்டார வழக்குக்குத் தனிப் பகுதியே உண்டு.

ஒற்றைத்தடம் எழுதியது, புதன் இரவு 8:30

ஒரு கேள்வி. அம்மா «ஸ்குச்சாயு ஸா தபோய்» என்கிறாள். மகன் என்ன பதில் சொல்கிறான்? அதை நீங்கள் எழுதவே இல்லை.

அங்காராக்கரை எழுதியது, புதன் இரவு 8:58

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். «யா தோஷெ பா திபே ஸ்குச்சாயு, மாம்.» நானும்தான் அம்மா.

ஐயையோ. ‘பா’.

ஸ்டெப்பி டாக்டர் எழுதியது, புதன் இரவு 9:03

பையன் மாஸ்கோக்காரன் ஆயிட்டான்.

அங்காராக்கரை எழுதியது, புதன் இரவு 9:10

மூணு தடவை படித்தும் நான் கவனிக்கவே இல்லை. அடுத்த வரியில் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல், பிறகு தக்காளி விலையைப் பற்றிக் கேட்கிறாள். அது ஏன் என்று புரியாமல், ஆசிரியர் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்து வேகமாகக் கடந்துவிட்டேன்.

ஒற்றைத்தடம் எழுதியது, புதன் இரவு 9:14

அடிக்குறிப்பு யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அங்காராக்கரை எழுதியது, வியாழன் காலை 6:20

இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். சொல்லுங்கள்:

“ஒன்னயத் தேடுதுடா.”

“நானும் உங்கள மிஸ் பண்றேம்மா.”

அம்மா சற்று நேரம் பேசவில்லை. போனில் யார் வீட்டு நாயோ குரைப்பது கேட்டது.

“அங்க தக்காளி என்ன விலை விக்கிது?”

கரிசல்மண் எழுதியது, வியாழன் காலை 6:41

‘உங்கள’ வேணாம்ணே. ‘ஒன்ன’ன்னு போடுங்க. அம்மாவ நீ வா போன்னு சொல்றத மாஸ்கோ போனாலும் விடமாட்டான்.

ஸ்டெப்பி டாக்டர் எழுதியது, வியாழன் காலை 7:02

ஆமா, ரஷ்யன்லயும் அவன் ‘திபே’ன்னுதான் சொல்லியிருக்கான், ஒருமை. மாத்திடுங்க. நாய் மூலத்துல இருக்கா, நீங்க சேர்த்ததா?

அங்காராக்கரை எழுதியது, வியாழன் காலை 7:10

‘உன்ன’ன்னு மாற்றிவிட்டேன், ‘ஒன்ன’ அம்மாவுக்கே இருக்கட்டும். நாய் மூலத்திலேயே இருக்கிறது.